எம்ப்டி செல்லா: எம்.ஆர்.ஐ. படத்தைப் படிப்படியாகப் பார்க்கும் முறை

மண்டையோட்டின் அடித்தளத்தில், ஸ்பீனாய்டு எலும்பிலுள்ள செல்லா டர்சிகா என்னும் குழியில் பிட்யூட்டரி சுரப்பி அமைந்துள்ளது. குழியின் மேல்மூடியான சவ்வின் இடைவெளி வழியே, மூளையைச் சூழ்ந்த அரக்னாய்டு உறை கீழிறங்கி, மூளைத் தண்டுவடத் திரவம் உள்ளே நிரம்பும்போது, சுரப்பி தரையோடு ஒட்டித் தட்டையாகிறது. இதுவே எம்ப்டி செல்லா.

முதலில், நடுக்கோட்டுச் சாஜிட்டல் (பக்கவாட்டுத் தோற்ற வெட்டு) டி1 படத்தை, அதாவது திரவம் கறுப்பாகத் தெரியும் எம்.ஆர்.ஐ. வரிசையை, எடுத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் கறுப்பாகத் தெரிவது திரவம். தரையில் பிறைபோல் படிந்திருப்பது சுரப்பி. திரவம் குழியின் பாதிக்கும் குறைவாக இருந்து, சுரப்பியின் தடிமன் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பகுதி நிலை என்றும், பாதியைத் தாண்டிச் சுரப்பி 2 மி.மீ. அளவுக்கு மெலிந்திருந்தால் முழு நிலை என்றும் பொதுவாகக் குறிப்பிடுவர்.

அடுத்து, சுரப்பியை மூளையோடு இணைக்கும் பிட்யூட்டரித் தண்டைத் தேடுங்கள். தொடக்கநிலையினர் அவசரப்படாமல் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். எம்ப்டி செல்லாவில் தண்டு திரவத்தின் ஊடாகவே இறங்கிச் சுரப்பியை அடையும். கொரோனல் (முன்பக்கத் தோற்ற வெட்டு) டி2 படத்தில், அதாவது திரவம் வெண்மையாகத் தெரியும் வரிசையில், வெண்மையான திரவத்தின் நடுவே மெல்லிய கறுத்த கோடாக அதைக் காணலாம். நீர்க்கட்டியாக இருந்தால் தண்டு வழக்கமாக ஓரமாகத் தள்ளப்பட்டிருக்கும். குழியிலுள்ள திரவம் ஃப்ளேர் (மூளைத் தண்டுவடத் திரவத்தின் வெண்மையை அடக்கிக் காட்டும் வரிசை) உட்பட எல்லா வரிசைகளிலும் வென்ட்ரிக்கிளில் (மூளையினுள் உள்ள திரவ அறை) உள்ள திரவத்தைப் போலவே தோன்றுகிறதா என்பதையும் ஒப்பிடுங்கள்.

செல்லாவோடு பார்வையை நிறுத்திவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பலருக்கு இது தற்செயலாகக் காணப்படுவது, தீங்கற்றது. ஆனால் தலைவலியும் பார்வைக் குறைபாடும் உள்ளவரிடம், குறிப்பாக உடல் பருமனுள்ள இளம் பெண்களிடம், மூளை அழுத்த உயர்வின் தடயமாகவும் இருக்கலாம். ஆகவே கண்கோளத்தின் பின்புறம் தட்டையாகியுள்ளதா, பார்வை நரம்பைச் சுற்றிய உறை விரிந்துள்ளதா, எம்.ஆர். வெனோகிராம் (மூளையின் சிரைகளைக் காட்டும் படம்) எடுத்திருந்தால் குறுக்குச் சிரைக் குழல்கள் சுருங்கியுள்ளனவா என்று பாருங்கள். பார்வை நரம்புச் சந்திப்பு குழிக்குள் இறங்கியுள்ளதா என்பதையும் கவனியுங்கள்.

அறுவை, கதிர்வீச்சு, பிரசவத்தின்போது பெரும் இரத்தப்போக்கு ஆகியவை முன்பு நிகழ்ந்திருந்தால் அது இரண்டாம் வகை (வேறொரு காரணத்தால் விளைந்த) எம்ப்டி செல்லாவாக இருக்கலாம் என்பதால், அந்த வரலாற்றை அறிக்கையில் சேர்க்க வேண்டும். சுரப்பியின் செயல்திறனைப் படம் மட்டும் சொல்லிவிடாது; ஹார்மோன் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அழுத்த உயர்வின் அடையாளங்கள் தென்பட்டாலோ, கண்ணின் உட்பகுதியைத் தாமதமின்றிப் பரிசோதிக்கப் பரிந்துரைக்க வேண்டும்.