விளையாட்டு நிதி கேட்டு மனு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கபடிக் குழுவோ சிலம்பக் கூடமோ நடத்துபவர்கள் அரசிடம் நிதி கேட்கும்போது செய்கிற முதல் பிழை, போட்டி விளையாட்டுக்கான நிதியையும் ஊர்மக்களின் பொது விளையாட்டுக்கான நிதியையும் ஒன்றாகக் கருதுவது. போட்டி நிதி வீரரைப் பார்த்து வருகிறது. எந்தப் போட்டியில், எந்த வயதுப் பிரிவில், எந்த இடம் பெற்றார் என்பதே அங்கே கேள்வி. பொது விளையாட்டுக்கான நிதி ஊரைப் பார்த்து வருகிறது. இடம் யாருக்குச் சொந்தம், பெண்களும் சிறுவர்களும் அங்கே விளையாட முடியுமா என்று அங்கே கேட்பார்கள்.

ஒன்றிய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கப்படுகிறது. அதில் மாதம் 10,000 ரூபாய் அவருடைய கைச்செலவுக்கு. அதைக் குழுவின் பெயரில் கேட்டுப் பெற வழியில்லை. அதேபோல், 12,525 கிராம ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருள்களோடு வழங்கப்பட்ட கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் ஊராட்சிக்கு உரியவை. அவற்றைத் தங்கள் குழுவுக்கு மட்டும் தரும்படி கேட்பதும் பொருந்தாது.

சான்றிதழ் விஷயத்தில்தான் பிள்ளைகளுக்கு அதிக இழப்பு நேர்கிறது. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடக்கும் ‘மாபெரும் கபடிப் போட்டி’யில் தரப்படும் தாளை எடுத்துப் பாருங்கள்: நன்கொடையாளரின் படமும் விழாக் குழுத் தலைவரின் கையொப்பமும் இருக்கும், வீரரின் பிறந்த தேதி, வயதுப் பிரிவு, சான்றிதழ் எண், சங்க முத்திரை ஆகியவை பெரும்பாலும் இருக்காது. ஊருக்கு அது பெருமைதான். ஆனால் அரசின் கணக்கில் ஏறுவது, ஒன்றிய அரசு அங்கீகரித்த தேசியச் சம்மேளனத்தோடு இணைந்த மாநிலச் சங்கம் நடத்தும் போட்டியும், பள்ளி, பல்கலைக்கழக அளவில் முறைப்படி நடக்கும் போட்டிகளுமே. சிலம்பத்தில் கூடுதல் கவனம் தேவை. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் அது சேர்க்கப்பட்டபின், ‘தேசிய’, ‘சர்வதேச’ என்று பெயர் சூட்டிய போட்டிகளுக்குப் பெற்றோர் கடன் வாங்கியாவது கட்டணம் கட்டுகிறார்கள். நடத்தும் அமைப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று சிவகங்கையிலுள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் பேருதவி.

மாணவர்களுக்கு மட்டுமே வாய்ப்பு என்று நினைத்து ஒதுங்குவதும் தவறு. மாநில அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பொதுமக்கள், அரசு ஊழியர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் தனிப்பிரிவுகள் உண்டு.

இடம் பற்றிய பிழை நம் பகுதிக்கே உரியது. கோடையில் வற்றிய கண்மாய்க்குள் ஸ்டம்பு நட்டு ஆடிய இடத்தையே மைதானமாக்கித் தரும்படி மனு கொடுக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஆடியிருந்தாலும், ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாக வகைப்படுத்திக் காட்டும் ‘அ’ பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கு என்று இருக்குமானால் அங்கே கட்டுமானத்துக்கு நிதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஊருணியும் கண்மாயும் இல்லாமல் இந்த வறண்ட மண்ணில் ஊரே இல்லை. கோயிலுக்கோ நகரத்தார் அறக்கட்டளைக்கோ சொந்தமான பொட்டலாக இருந்தால், உரியவர்களின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் கோப்பு ஓர் அடிகூட நகராது. எனவே மனு எழுதுவதற்கு முன்பே புல எண்ணைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகைப்பாட்டைக் கேட்டறிய வேண்டும். இடம் சரியாக இருந்தால், மக்கள் பங்களிப்போடு நடக்கும் நமக்கு நாமே திட்டமும் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியும் முயன்று பார்க்கத்தக்க வழிகள். காரைக்குடி நகருக்குள் என்றால், 2024 முதல் அணுக வேண்டியது மாநகராட்சியை.

1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்துவிட்டாலே விளையாட்டு அங்கீகாரம் வந்துவிட்டதாக எண்ணுபவர்களும் உண்டு. மாவட்டப் பதிவாளர் தருவது சங்கம் என்ற சட்ட நிலை மட்டுமே. விளையாட்டு அங்கீகாரம் அந்தந்த விளையாட்டின் மாவட்ட, மாநிலச் சங்கங்களில் இணைவதால் வருவது. பதிவு செய்தபின் ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்யாமல் விட்டால் அந்தச் சட்ட நிலையும் கேள்விக்குள்ளாகும்.

நிதி வந்தபின் நேரும் பிழை ஒன்றும் உண்டு. வலைக்கும் பந்துக்கும் என்று ஒதுக்கிய தொகையை மேடைக்கும் பரிசுக்கும் செலவிட்டுவிட்டால், நிதியை உரிய வேலைக்கே செலவிட்டதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழோடு வைக்க ரசீது இருக்காது. அந்தச் சான்றிதழ் கொடுக்கப்படும்வரை அடுத்த தவணை வருவது கடினம்.