ஐரோப்பிய நாடுகளின் கடல்மீன் பிடிப்பை ஒப்பிடுவது எப்படி?

மொத்த டன்னை மட்டும் வைத்து நாடுகளை வரிசைப்படுத்தினால் ரஷ்யா முதலிடத்துக்கு வந்துவிடும். ஆனால் அதன் பிடிப்பில் பெரும்பகுதி தூரக் கிழக்கில், பசிபிக் கடலில் கிடைப்பது. ஆகவே எந்தக் கடல் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு கடல்களுக்கு எண் கொடுத்திருக்கிறது: வடகிழக்கு அட்லாண்டிக் 27, மத்தியதரைக் கடலும் கருங்கடலும் 37. பட்டியலை 27க்குள் சுருக்கியதும், ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் பிடிக்கும் நார்வேயின் இடம் தெளிவாகும்; இந்தியப் பெருங்கடல் வரை சென்று சூரை பிடிக்கும் ஸ்பெயினின் அளவோ குறைந்து தெரியும்.

அடுத்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் இரண்டு அட்டவணைகளைக் கலந்துவிடாதீர்கள். பிடிப்பு அட்டவணை கப்பலின் கொடியைப் பார்க்கிறது. மீனை இறக்கும் துறைமுகம் எதுவானாலும், டென்மார்க் கொடியுள்ள கப்பல் நார்வேயில் இறக்கிய மீனும் டென்மார்க்கின் கணக்கில்தான் சேரும். கரையிறக்க அட்டவணை துறைமுகம் உள்ள நாட்டைப் பார்க்கிறது. மேலும் பிடிப்பு உயிர் எடையில், அதாவது குடல் நீக்குவதற்கு முன்னிருந்த முழு மீனின் எடையில் தரப்படுகிறது. கரையிறக்கம் பெரும்பாலும் இறக்கியபோதுள்ள எடையில் தரப்படுவதால் இரண்டையும் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை. நார்வேயின் வளர்ப்புச் சால்மன் 10 லட்சம் டன்னைத் தாண்டினாலும் அது தனிக் கணக்கு.

மிகுந்த கவனம் தேவைப்படுவது மீன் இனத்தில்தான். டென்மார்க்கின் டன் கணக்கைப் பெருக்கும் சாண்ட் ஈல் போன்ற சிறுமீன்கள் பெரும்பாலும் மீன்தூளுக்கும் எண்ணெய்க்கும் செல்பவை. எடை மிகுதி, விலை குறைவு. ஆகவே மதிப்பையும் அருகில் வைத்துப் பார்ப்பதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஐஸ்லாந்தில் கேப்லின் மீன்வளம் குறைந்திருந்ததால் 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளிலும் அதன் பிடிப்புப் பருவம் திறக்கப்படவே இல்லை. அப்படிப்பட்ட ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அந்நாடு சரிந்துவிட்டது என்று எழுதுவது பிழை. ஐந்தாண்டுச் சராசரி எடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்தத்தைக் கையாளும்போது, பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியதை மனத்தில் கொண்டு, பழைய ஆண்டுகளிலிருந்தும் அதன் பிடிப்பைக் கழித்துவிடுங்கள். பரோயே தீவுகள் டென்மார்க் முடியாட்சியைச் சேர்ந்தவையாயினும் ஒன்றியத்தில் இல்லை. அவற்றின் பிடிப்பை டென்மார்க்குடன் கூட்டாமல் தனி வரியில் எழுதுங்கள்.