"கையெழுத்துதானே" என்று போட்டுவிடாதீர்கள்: மோசடி வழக்கில் மாட்டிக்கொள்ளும் சாதாரண ஆட்கள் செய்யும் தவறுகள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பொருளாதாரக் குற்றம் என்று பேச்செடுத்தாலே அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் பிடித்து 2022இல் வெடித்த ஆருத்ரா, காட்பாடி ஐ.எஃப்.எஸ். நிறுவனங்கள்தான் வரும். யார் எத்தனை கோடி சுருட்டினார், எந்த நாட்டுக்கு ஓடினார் என்றே பேசுகிறோம். அந்த வழக்குகளில் கைதானவர்களில் ஏஜென்ட்டுகளும் இருந்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். நான் எழுத வந்தது அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். கோடி கோடியாகத் திருடத் திட்டம் போடுகிறவர் இதைப் படித்துத் திருந்தப் போவதில்லை. ஆனால் மாமா சொன்னார், முதலாளி சொன்னார், நண்பன் கேட்டான் என்று உள்ளே போய் மாட்டிக்கொள்கிறவர்கள் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள்.

முதல் தவறு, "நானும்தானே பணம் போட்டேன், நான் எப்படிக் குற்றவாளி ஆவேன்" என்கிற நம்பிக்கை. இப்படிப்பட்ட திட்டத்தில் லட்சத்துக்கு மாதம் 8,000 வட்டி என்றால் வருடத்துக்கு 96 சதவீதம். எந்தத் தொழிலில் இவ்வளவு லாபம் வரும் என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல் சித்தி, மச்சான், கூட வேலை செய்கிறவர் என்று ஒவ்வொருவராகக் கூட்டிவந்து சேர்த்து, ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கினால் கணக்கு மாறிவிடுகிறது. ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் வருடச் சட்டத்தில், அப்படிப்பட்ட திட்டத்தில் சேரச் சொல்லித் தெரிந்தே பொய் வாக்குறுதி கொடுக்கிற எவருக்கும் 1 முதல் 5 ஆண்டு வரை சிறையும், 10 லட்சம் வரை அபராதமும் உண்டு. பணம் பிடித்த நிறுவனத்தை நடத்தியவர்களுக்கோ 1997ஆம் வருடத் தமிழ்நாட்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 ஆண்டு வரை தண்டனை. "எனக்குத் தெரியாது" என்று சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் குரூப்பில் போட்ட "கேரண்டி நான்" என்கிற வாய்ஸ் மெசேஜ் யாரோ ஒருவர் போனில் இருக்கும்.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல் தருவது. கடன் வாங்கித் தருகிறேன், மானியம் வருது என்று சொல்லி ஆதார், பான், போட்டோ வாங்கிக்கொண்டு, கூலிக்குப் போகிற ஒருவர் பெயரிலேயே ஜி.எஸ்.டி. எண் எடுத்து, சரக்கே நகராமல் பில் மட்டும் போடுகிறார்கள். போலி பில்லில் எடுத்த இன்புட் கிரெடிட் (சரக்கு வாங்கியபோது கட்டியதாகக் காட்டிக் கழித்துக்கொள்ளும் வரி) 5 கோடியைத் தாண்டினால் 5 ஆண்டு வரை சிறை, அதுவும் ஜாமீனில் வர முடியாத பிரிவு. நோட்டீஸ் முதலில் போவது பதிவில் பெயர் இருக்கிறவர் வீட்டுக்கு. தான் ஏமாற்றப்பட்டவர் என்று அவர்தான் ஓடி ஓடி விளக்க வேண்டும். பேங்க் அக்கவுன்ட்டையும் ஏ.டி.எம். கார்டையும் மாத வாடகைக்கு விடுவதும் இதே வகைதான், அந்தக் கணக்கு வழியாகச் சைபர் மோசடிப் பணம் போனால் போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரைத்தான். ஆதார் நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், எதற்காகக் கொடுக்கிறோம், என்ன தேதி என்று அதன் மேலேயே எழுதிக் குறுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

கணக்குப் பிள்ளைகளுக்கு ஒன்று. தோல் ஷாப்போ ஷூ கம்பெனியோ நகைக்கடையோ, முதலாளி சொல்லித்தான் பொய்க் கணக்குக்கான இரண்டாம் நோட்டு எழுதினேன் என்பது தப்பிக்க வழியாகாது. ஏமாற்றும் எண்ணத்தோடு கணக்கைத் திருத்துகிற குமாஸ்தாவையும் ஊழியரையும் ஐ.பி.சி. என்கிற பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 344ஆம் பிரிவு நேரடியாகவே பிடிக்கிறது, 7 ஆண்டு வரை. தொழிலாளியின் சம்பளத்தில் பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் முதலாளி மேல் நம்பிக்கை மோசடி வழக்கே வரும். இது பல கம்பெனி நிர்வாகிகளுக்கு இன்னும் உறைக்கவில்லை. "ஆர்டர் வந்ததும் சேர்த்துக் கட்டிடலாம்" என்கிறார்கள். பிடித்தது தொழிலாளியின் பணம், அதில் கை வைக்க முதலாளிக்கு உரிமையே இல்லை.

"திருப்பி வச்சிட்டா யாருக்குத் தெரியும்" என்று கல்லாவிலிருந்து எடுக்கிற கேஷியர் கதையும் இதேதான். கொஞ்ச நாளுக்கு மட்டும் எடுத்தாலும் கையாடல் கையாடல்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு அதே சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை. பணத்தைக் கட்டினால் ஜாமீன் கிடைப்பது சுலபமாகலாம், தண்டனை குறையலாம், சில பிரிவுகளில் கோர்ட் அனுமதியோடு சமாதானமும் ஆகலாம். வழக்கு தானாக மறைந்துவிடாது. (2024 ஜூலை 1க்கு முன்னால் நடந்த குற்றமென்றால் பழைய ஐ.பி.சி. பிரிவுகள்தான், 420 என்று நாம் சொல்வது இப்போது 318இன் நான்காம் உட்பிரிவு.)

விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடாதீர்கள். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள பிரிவுகளில் பெரும்பாலும் கைது செய்யாமல் முதலில் நோட்டீஸ்தான் தருவார்கள், அதை மதித்துப் போனால் கைதைத் தவிர்க்க வாய்ப்பு அதிகம், மதிக்காவிட்டால் அதையே காரணமாக்கிக் கைது செய்யலாம். போகும் முன் வக்கீலைப் பாருங்கள். பயத்தில் வாட்ஸ்அப்பை அழிப்பது, நோட்டைக் கொளுத்துவது எல்லாம் ஆதாரத்தை அழித்த தனிக் குற்றமாகச் சேரும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

சரி, பணத்தை இழந்தவர்கள் செய்கிற தவறுகளும் இருக்கின்றன. அதில் பெரியது காத்திருப்பது. "புகார் கொடுத்தால் ஒரு பைசா வராது, இன்னும் மூணு மாசம் பொறு" என்று சொல்லிப் பழைய பத்திரத்தை வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்று எழுதித் தருவார்கள். அந்த மூணு மாதத்தில்தான் நிலம் கைமாறும், நகை கைமாறும். சீக்கிரம் புகார் போனால் சொத்தை முடக்க வழி இருக்கிறது. அசல் ரசீதை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகலைக் கொடுங்கள். மெசேஜ் இருக்கிற போனை எக்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். செக் வாங்கியிருந்து அது திரும்பி வந்தால், பேங்க் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும், அப்புறம் அவர்களுக்கு 15 நாள், அதிலும் தராவிட்டால் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் மனு. பேச்சுவார்த்தையிலேயே இந்தக் கெடுவைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் வாணியம்பாடியிலிருந்து நேராக வேலூர் எஸ்.பி. ஆபீசுக்கு வருகிறவர்கள் உண்டு. திருப்பத்தூர், ராணிப்பேட்டைக்காரர்கள் அந்தந்த மாவட்டக் குற்றப்பிரிவில் கொடுக்கலாம். பலரிடம் டெபாசிட் பிடித்த வழக்கென்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு. ஆன்லைனில் பணம் போனதென்றால் எங்கும் அலைய வேண்டாம், உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போடுங்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள்.