விடுப்பில் சென்றவரின் கோப்பு

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். பிசானப் பருவ நெல் நடவுக் காலத்தில் பயிர்க்கடன் கேட்டு வருவோர் பெருகும்போது, சக ஊழியர் ஒருவர் விடுப்பில் இருந்தால், அவர் வாங்கி வைத்த சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர் விவரப் பதிவு) ஆகியவை எந்த நிலையில் உள்ளன என்பது மற்றவர்களுக்குத் தெரியாததால், "நாளைக்கு வாங்க அண்ணாச்சி" என்று விவசாயிகளைத் திருப்பி அனுப்புவது வழக்கமாக இருந்தது. வயல் வேலையை விட்டுவிட்டுப் பேருந்தேறி வருபவரிடம் அப்படிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே, என் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு கோப்பின் மேல்தாளிலும் வந்து சேர்ந்த ஆவணங்கள், இன்னும் வர வேண்டியவை, விவசாயியிடம் நான் சொல்லியிருப்பது ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதி வைத்தேன். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே மிக முக்கியம் என்பேன். ஏனெனில் ஒரே அலுவலகத்தில் இருவர் இருவேறு பதில் சொன்னால், வந்தவர் இருவரையுமே நம்ப மாட்டார். தவணைத் தேதிக்குள் கடனைத் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி இல்லை என்பதால், அந்தத் தேதியையும் அதே தாளில் பெரிதாகக் குறித்தேன்.

இப்படிச் செய்யுமாறு நான் யாரையும் வற்புறுத்தவில்லை. என் விடுப்பு நாளில் அந்தத் தாளைப் பார்த்தே வேலையை முடித்த அக்கா ஒருவர், மறுவாரம் தம் கோப்புகளிலும் எழுதத் தொடங்கினார். அவர் முடித்த வேலையை அவர் பெயர் சொல்லியே செயலாளரிடம் தெரிவித்தேன். வேலை தாமதமாகும் என்று தெரிந்தால், மாலைவரை காத்திராமல் காலையிலேயே சொல்லிவிடுவதையும் இப்போது எல்லோரும் கடைப்பிடிக்கிறோம்.