வம்புக்காரத் திறமைசாலியை எடுக்கும்போது: என்பிஏ டிராஃப்டில் அணிகள் சறுக்கும் இடங்கள்

என்பிஏ என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்; டிராஃப்ட் என்பது அதன் அணிகள் ஆண்டுதோறும் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. 2010 ஜூன் மாத என்பிஏ டிராஃப்டில் ‘தலைவலி’ என்று பெயரெடுத்த மூன்று இளைஞர்கள் இருந்தார்கள். டிமார்கஸ் கசின்ஸ் 5-ஆவதாகப் போனார். ஹசன் வைட்சைட் 33-ஆவது. லான்ஸ் ஸ்டீபன்சன் 40-ஆவது. முதல் இருவரையும் எடுத்தது ஒரே அணி, சாக்ரமெண்டோ கிங்ஸ். மூன்றாமவர் இண்டியானா பேஸர்ஸுக்குப் போனார். இப்படிப்பட்ட ஆட்டக்காரரை எடை போடும்போது எங்கெங்கே தவறு நடக்கிறது என்று பார்க்க இந்த ஒரே இரவு கிட்டத்தட்டப் போதும்.

விலையை மறப்பது

திறமையை ஒரு தட்டிலும் ஆபத்தை மறு தட்டிலும் வைத்து எது கனம் என்று பார்ப்பதுதான் வழக்கமான பேச்சு. விடுபடுவது விலை. டிராஃப்டில் விலை என்பது தேர்வு எண்.

முப்பது அணிகள், இரண்டு சுற்று, அதிகபட்சம் 60 தேர்வுகள். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்குச் சம்பளம் ஏற்கெனவே வகுத்த அட்டவணைப்படி. முதல் இரண்டு ஆண்டுகள் உறுதி. மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் அந்த உறுதி கிடையாது. பேசி முடிப்பதுதான், பிடிக்கவில்லை என்றால் சில மாதங்களில் கைகழுவலாம்.

அதனால் 5-ஆவது எண்ணில் எடுக்கும் முரடரும் 40-ஆவது எண்ணில் எடுக்கும் முரடரும் ஒரே பந்தயம் அல்ல. மேல் எண்களில் சம்பளத்தைவிடப் பெரிய நஷ்டம், அந்த இடத்தில் எடுத்திருக்கக்கூடிய இன்னொருவர். 2010-இல் கசின்ஸுக்குப் பிறகு 9-ஆவதாக கார்டன் ஹேவர்டும் 10-ஆவதாக பால் ஜார்ஜும் இருந்தார்கள். 40-க்குப் பிறகு எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் லீகில் நிலைப்பதே இல்லை. அங்கே ஸ்டீபன்சனை எடுத்து அவர் சொதப்பியிருந்தாலும் இண்டியானா இழந்திருக்கப்போவது சொற்பம்.

ஆகவே பட்டியலில் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு முத்திரை குத்துவது போதாது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘இந்த எண்ணிலிருந்து எடுக்கலாம்’ என்று ஓர் எண்ணை முன்கூட்டியே எழுதுங்கள். முதல் சுற்றில் ஒரு தேர்வுக்கு ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் புதிதாக யோசிக்க ஆரம்பித்தால் அறையில் யார் குரல் பெரிதோ அவர் முடிவுதான் அணியின் முடிவு.

‘பத்திரமான’ ஆள் என்ற மயக்கம்

கசின்ஸுக்கு முன் போன நால்வர்: ஜான் வால், இவான் டர்னர், டெரிக் ஃபேவர்ஸ், வெஸ்லி ஜான்சன். இவர்களில் ஆல்-ஸ்டார் (லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆண்டு ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனவர் வால் மட்டுமே. 4-ஆவது எண்ணில் மினசோட்டா எடுத்த ஜான்சனுக்கு டிராஃப்ட் நேரத்தில் வயது 22. இரண்டே பருவங்களில் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். கசின்ஸோ நான்கு முறை ஆல்-ஸ்டார்.

வம்புக்குப் போகாதவர் என்பதால் ஆபத்தே இல்லாதவர் என்று ஆகிவிடாது. திறமை வளராமல் போவதும் ஆபத்துதான். அது செய்தித்தாளில் வராது, அதனால் மேலாளர் வேலையும் போகாது. பலர் ‘பத்திரமான’ ஆளை எடுப்பதன் உண்மையான காரணம் அதுவே. அந்த டிராஃப்டுக்கு அடுத்த மாதமே மினசோட்டா, மயாமியிடமிருந்து மைக்கேல் பீஸ்லியை இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து வாங்கியது. பீஸ்லி 2008-இல் 2-ஆவது எண்ணில் போனவர்; கல்லூரியில் ஆட்டத்துக்கு 26.2 புள்ளியும் 12.4 ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தவர். இரண்டு ஆண்டில் அவர் விலை அவ்வளவு சரிந்திருந்தது. நடத்தைதான் சந்தேகம், திறமை உறுதி என்று நினைப்பதும் தவறு. கல்லூரி எண்கள் வாக்குறுதி அல்ல.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது

‘நடத்தை சரியில்லை’ என்ற வார்த்தைக்குள் குறைந்தது ஐந்து வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. நடுவரோடு சண்டை, உடலைக் கவனிக்காமை, போதை, மனநலம், அடுத்தவர் மீது கைவைப்பது. ஒவ்வொன்றும் வேறு மாதிரி போகும்.

வாய்ச்சண்டைக்கு விதிப்புத்தகத்திலேயே விலை போட்டிருக்கிறார்கள்: ஒரு பருவத்தில் 16-ஆவது டெக்னிக்கல் ஃபவுலுக்கு (நடத்தைக்காக நடுவர் தரும் தண்டனை) ஓர் ஆட்டத் தடை. எரிச்சல்தான், ஆனால் எண்ணிவிடலாம். போதை அப்படியல்ல. 1986 டிராஃப்டில் 3-ஆவதாகப் போன கிறிஸ் வாஷ்பர்ன் மொத்தம் 72 ஆட்டங்களே ஆடி 1989-இல் தடை செய்யப்பட்டார். 7-ஆவதாகப் போன ராய் டார்ப்லி 1988-இல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் (மாற்று ஆட்டக்காரர்) விருதே வாங்கினார். 1991-இல் தடை, 1994-இல் திரும்பினார், 1995-இல் மறுபடியும் தடை. டார்ப்லியின் திறமையை அளந்தவர்கள் தவறவில்லை. அடிமைத்தனம் நோய் என்பதையும், கண்டிப்பான பயிற்சியாளர் அதற்கு மருந்தல்ல என்பதையும்தான் கணக்கில் விட்டார்கள்.

வன்முறையைத் தராசில் ஏற்றவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நிரூபணமானால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எத்தனையாவது எண்ணில் சரிவரும் என்று அங்கே பேரம் பேசினால் பிறகு எந்தக் கோடும் நிற்காது.

ஊர்ப்பேச்சை ஆதாரமாக எடுப்பது

டிராஃப்டுக்கு முந்தைய வாரங்களில் எல்லோர் வாயிலும் ஒரு காரியம் இருக்கும். ஏஜெண்ட் புகழ்வார். கல்லூரிப் பயிற்சியாளர் அடுத்த ஆண்டு ஆள் சேர்க்க வேண்டியதால் மழுப்புவார். தங்கள் எண் வரை அவர் இறங்கி வரட்டும் என்று போட்டி அணிக்காரர் வதந்தி கிளப்புவார். ஐந்து பேர் சொன்ன கதை ஒரே வாயிலிருந்து கிளம்பியதாக இருக்கும். நேரில் பார்த்தவர் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணுங்கள்.

கேள்வியும் கூர்மையாக வேண்டும். ‘பையன் எப்படி?’ என்றால் ‘நல்ல பையன்தான்’ என்ற பதில்தான் வரும். ‘போன பருவத்தில் பயிற்சிக்கு எத்தனை முறை தாமதம்? வெளியே உட்கார வைத்தபோது பெஞ்சில் என்ன செய்தான்?’ என்று கேளுங்கள். தலைமைப் பயிற்சியாளரை விட, துண்டு துவைக்கும் மாணவ மேலாளரும், கட்டுப் போடும் உடற்பயிற்சி உதவியாளரும், பாடம் சொல்லிக்கொடுப்பவரும் பயனுள்ளவர்கள். அவர்களிடம் எவரும் நடிப்பதில்லை. ஆட்டக்காரருடன் நடக்கும் நேர்காணல் ஏஜெண்ட் ஒத்திகை பார்த்து அனுப்பியது. அதில் அவர் சொல்வதை ஆவணத்தோடு ஒப்பிடத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆவணத்தையும் முழுதாகப் படியுங்கள். ஆலன் ஐவர்சன் 1993-இல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் பௌலிங் கூடத்துக் கைகலப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டு நான்கு மாதம் உள்ளே இருந்தார். ஆளுநர் கருணை காட்டினார். 1995-இல் போதிய ஆதாரம் இல்லையென்று மேல்முறையீட்டில் தீர்ப்பே ரத்தானது. ‘ஜெயிலுக்குப் போனவர்’ என்ற வரியோடு நிறுத்தியிருந்தால் 1996-இல் ஃபிலடெல்ஃபியா முதல் எண்ணை அவருக்குக் கொடுத்திருக்காது. 2001-இல் அவர் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். பிற்பாடு பயிற்சிக்கு வருவதைப் பற்றிப் பயிற்சியாளரோடு எழுந்த உரசல் வேறு சங்கதி. அதை எந்த நீதிமன்ற ஏடும் சொல்லியிருக்காது.

சொந்த வீட்டைப் பார்க்காதது

இதுதான் மிகப் பெரிய தவறு, மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். ஆபத்து ஆட்டக்காரரிடம் மட்டும் இல்லை, அவர் வந்து சேரும் இடத்திலும் இருக்கிறது.

சாக்ரமெண்டோவில் ஆறரைப் பருவங்களில் கசின்ஸ் ஆறு தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்தார்: வெஸ்ட்ஃபால், ஸ்மார்ட், மலோன், கார்பின், கார்ல், ஜோர்கர். நடுவில் 2013-இல் உரிமையாளரும் மாறினார். மைக் மலோனோடு அவருக்கு ஒத்துப்போனது. 2014 இறுதியில் கசின்ஸ் மூளையுறை அழற்சியால் ஆடாமல் இருக்க, அணி வரிசையாகத் தோற்க, டிசம்பரில் மலோன் நீக்கப்பட்டார். அவர் பிறகு டென்வருக்குப் போய் 2023-இல் கோப்பையே வென்றார். கோபக்கார இளைஞருக்கு வேண்டியது மாறாத விதியும் மாறாத முகமும். இரண்டும் அங்கே இல்லை. 2017 பிப்ரவரியில் அவரை விற்கும்வரை அணி ஒருமுறைகூட பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) போகவில்லை.

வைட்சைட் கதை இன்னும் சங்கடம். சாக்ரமெண்டோவுக்கு 19 ஆட்டங்கள், கழற்றிவிடப்பட்டார், லெபனானிலும் சீனாவிலும் ஆடித் திரும்பி 2014-இல் மயாமியில் சேர்ந்தார். 2015-16 பருவத்தில் ஆட்டத்துக்கு 3.7 தடுப்புகளோடு (எதிரணி கூடைக்கு எறியும் பந்தைத் தட்டிவிடுவது) லீகில் முதலிடம். ஸ்டீபன்சனை இண்டியானா முதல் பருவத்தில் 12 ஆட்டங்களே ஆட விட்டது. சுற்றிலும் மூத்தவர்கள், தெளிவான ஒழுங்கு. 2013, 2014 இரண்டிலும் லீகின் கிழக்குப் பிரிவு இறுதிச்சுற்றுவரை போன அணியில் அவர் தொடக்க ஆட்டக்காரர். பிறகு ஷார்லட்டுக்கு மாறிய முதல் பருவத்தில் மூன்று புள்ளி எறிதலில் அவர் விழுக்காடு 17.1 மட்டுமே.

டிராஃப்டுக்கு முன் அணி தன்னிடமே கேட்க வேண்டியவை: பயிற்சியாளர் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மீதம்? உடைமாற்றும் அறையில் இவரிடம் ‘போதும் நிறுத்து’ என்று சொல்லக்கூடிய மூத்தவர் யார்? பெயர் சொல்ல முடியவில்லை என்றால், எடுக்கலாம் என்று எழுதிய எண்ணை இன்னும் பத்து இடம் கீழே தள்ளுங்கள்.

எழுதாமல் விட்ட ஏற்பாடு

2012-இல் ஹூஸ்டன் 16-ஆவதாக எடுத்த ராய்ஸ் வைட்டுக்குப் பதற்றக் கோளாறும் விமான பயமும் இருந்தன. அவரே வெளிப்படையாகச் சொன்னவர். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஆனால் எந்தப் பயணத்தை எப்படிப் போவது, ஆட முடியாத நாளை யார் தீர்மானிப்பது என்பது எடுத்த பிறகுதான் சர்ச்சையானது. ஹூஸ்டனுக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மருத்துவர் யார், பயணம் எப்படி, இறுதிச் சொல் யாருடையது, ஒரு சந்திப்பைத் தவறவிட்டால் என்ன என்பதையெல்லாம் டிராஃப்டுக்கு முன் ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் பார்த்திருக்க வேண்டும்.

அதே பக்கத்தில் ஒரு தேதியும் வேண்டும். முதல் சுற்று ஆளின் மூன்றாம் ஆண்டு விருப்பத்தை, அவர் ஒரே ஒரு பருவம் ஆடி முடித்த பின் வரும் அக்டோபர் 31-க்குள் முடிவு செய்தாக வேண்டும். எதைக் கண்டால் நீட்டிப்போம், எதைக் கண்டால் விடுவோம் என்று எடுத்த வாரத்திலேயே குறித்து வைக்காத அணி, அக்டோபரில் தன் தவறை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டே நீட்டிக்கும்.