லொத்தேரியா ஆடிக்கொண்டே நிரலாக்கம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள சான் அன்டோனியோவில் சனிக்கிழமைதோறும் நூலகத்தில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தருகிறேன். பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளியினர். இங்குள்ள தமிழ் நண்பர்கள் சிலர் எப்படித் தொடங்குவது என்று கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் நாளே சம்பளக் கணக்கைச் சொல்லி ஆசை காட்டாதீர்கள். அது நம் வீட்டுப் பழக்கம். ஒரு லொத்தேரியா அட்டைக்கட்டு வாங்கி மேசைமேல் வையுங்கள். பிங்கோ போன்ற மெக்சிக ஆட்டம் இது; பிள்ளைகள் பாட்டியோடு ஆடிப் பழகியது. சேவல், குட்டிச்சாத்தான், கடற்கன்னி என்று 54 அட்டைகள். ஒருவர் அட்டையை எடுத்துக் கூவ, மற்றவர்கள் தங்கள் பலகையின் 16 கட்டங்களில் பொருந்துவதன்மேல் பயறு வைப்பார்கள். ஒரு சுற்று ஆடிவிட்டு, கூவும் வேலையைக் கணினியிடம் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

கட்டளைக் கட்டைகளைக் கோத்து நிரல் எழுதும், இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிராட்ச் மென்பொருள் போதும். 54 பெயர்களையும் ஒரு பட்டியலில் இட்டு, 1 முதல் 54 வரை ஏதோ ஓர் எண்ணை எடுக்கச் சொன்னால் ஆட்டம் ஓடும். சற்று நேரத்தில் வந்த சேவலே மறுபடி வரும். "கள்ளாட்டம்!" என்று யாராவது கத்துவார்கள். அப்போது வாய் திறக்காதீர்கள். வந்த அட்டையைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். நீக்கியபின் திடீரென்று பெயரே இல்லாத வெற்று அட்டை வரும்: பட்டியல் சுருங்கிவிட்டது, எண் இன்னும் 54 வரை போகிறது. பட்டியலின் நீளத்தைக் கேட்டு எண்ணை எடுக்க வேண்டும் என்பது புரிய அரைமணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பிறகு ஸ்கிராட்சின் பேச்சு வசதியை ஸ்பானியத்துக்கு மாற்றிக் கூவவிடுங்கள். அதன் உச்சரிப்பைக் கேலி செய்வதிலேயே வகுப்பு களைகட்டும்.

சாதனையாளர் படங்களைச் சுவரில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இணையத்தில் நாம் மனிதரா என்று சோதிக்கும் கேப்ட்சா குறுக்கிடும்போது மட்டும், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லூயிஸ் வான் ஆன் குவாத்தமாலாக்காரர், மொழி கற்கும் செயலியான டுவோலிங்கோவும் அவர் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கியதுதான் என்று சொல்வேன்.

தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பலருக்கு உண்டு. அவர்களையும் அழைத்து வரச் சொல்லி, அட்டைக்கட்டை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பெற்றோருக்கான அறிவிப்பு ஸ்பானியத்திலும் இருக்கட்டும்.

பள்ளியில் அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் காலம் தொடங்குமுன் ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏபி என்பவை பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்; அவற்றில் 2016-இல் வந்த 'ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபிள்ஸ்' பாடத்துக்கு முன்அனுபவம் தேவையில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தேர்வுக் கட்டணச் சலுகை உண்டு. அதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.