மோரோவிண்ட் முதல் ஸ்கைரிம் வரை: மந்திரத்தை ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

"அண்ணா, மோரோவிண்ட்ல ஆறு மந்திரப் பிரிவு. ஸ்கைரிம்ல அஞ்சுதான். அப்ப மோரோவிண்ட்தான் பெரிசு!" என்றான் சித்தி மகன். டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் எங்கள் வீட்டுக் கூடம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து வந்த கையோடு கேம் போட்டிருந்தோம். ஆறையும் ஐந்தையும் வைத்தே தீர்ப்பு சொல்லிவிட்டான்.

இந்த கேம்கள் அடங்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையை ஒப்பிடும் பலர் இப்படி எண்ணிக்கையில்தான் தொடங்குகிறார்கள். எண்ணிக்கை ஏமாற்றும். மோரோவிண்டிலும் (2002) ஆப்லிவியனிலும் (2006) இருந்த மிஸ்டிசிசம் என்ற பிரிவு ஸ்கைரிமில் (2011) இல்லை, உண்மைதான். ஆனால் அதிலிருந்த மந்திரங்களில் சில வேறு பிரிவுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆன்மாவைச் சிறைப்பிடிக்கும் மந்திரம், துணைக்கு உயிர்களை வரவழைக்கும் பிரிவான கான்ஜுரேஷனுக்குப் போனது. சுவருக்கு அப்பால் உயிர் இருப்பதைக் காட்டும் மந்திரமும், எட்டாத பொருளைக் கை நீட்டாமல் இழுக்கும் மந்திரமும், பொருள்களின் இயல்பை மாற்றும் பிரிவான ஆல்ட்டரேஷனுக்குப் போயின. பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. நமக்கு வேண்டிய விளைவுகளைக் கோத்துச் சொந்தமாக ஒரு மந்திரம் செய்துகொள்ளும் வசதி ஆப்லிவியனோடு நின்றுபோனது. பிரிவுகளை எண்ணுகிறவர் கண்ணில் அது படவே படாது. எனக்கு இன்றும் மனசு ஆறாத இழப்பு அதுதான்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது: மந்திரம் என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்து, அதற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதை விட்டுவிடுவது.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, குழாய்கள் மாதக்கணக்கில் வறண்டு கிடந்தன. தண்ணீர் லாரி வரும்போது தொட்டியில் பிடித்து வைத்ததுதான் கணக்கு. அரிசி களைந்த தண்ணீரைக்கூடப் பெரியம்மா கீழே கொட்ட விடமாட்டார்; அது கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். மோரோவிண்டில் மந்திரம் போடச் செலவாகும் சக்தியான மேஜிக்கா அந்தத் தொட்டித் தண்ணீர். விழித்திருக்கும்போது தானாக ஊறாது. படுத்துத் தூங்க வேண்டும், இல்லையென்றால் மருந்து குடிக்க வேண்டும். இன்டெலிஜென்ஸ் (அறிவு) 50 இருக்கும் சாதாரணக் கதாபாத்திரத்துக்கு மேஜிக்காவும் 50. ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு 7.5 வீதம் திரும்பும். காலித் தொட்டி நிரம்பக் கதைக்குள் கிட்டத்தட்ட 7 மணி நேரம். ஆப்லிவியனில் குழாய் திறந்துவிட்டார்கள்: வில்பவர் (மன உறுதி) 50 இருந்தால் நொடிக்கு 1.75 சதவீதம், அதாவது ஒரு நிமிஷத்துக்குள் நிரம்பிவிடும். ஸ்கைரிமில் சண்டை இல்லாத நேரம் நொடிக்கு 3 சதவீதம். சண்டை நடக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

ஆகவே "மோரோவிண்ட் நெருப்பு பலமா, ஸ்கைரிம் நெருப்பு பலமா" என்ற கேள்விக்கு முன்னால், "அடுத்ததை எப்போது எறியலாம்" என்று கேட்க வேண்டும்.

மோரோவிண்டில் இன்னொரு விலையும் உண்டு. மந்திரம் தவறலாம், தவறினாலும் மேஜிக்கா போனது போனதுதான். கணக்கு இப்படி: அந்தப் பிரிவில் நமக்குள்ள தேர்ச்சியான ஸ்கில்லின் இரண்டு மடங்கு, வில்பவரில் ஐந்தில் ஒன்று, அதிர்ஷ்டமான லக்கில் பத்தில் ஒன்று, இவற்றைக் கூட்டி மந்திரத்தின் செலவைக் கழிக்க வேண்டும். ஸ்கில் 30, வில்பவர் 40, லக் 40, செலவு 30 என்றால் 60 + 8 + 4 – 30 = 42. இதோடு முடியவில்லை. உடம்பில் தெம்பு நிறைந்திருந்தால் 1.25 ஆலும், முழுதும் வற்றியிருந்தால் 0.75 ஆலும் பெருக்குவார்கள். அதே ஆள், அதே மந்திரம்: ஒன்று 52.5 சதவீதம், இன்னொன்று 31.5. ஓடினால் தெம்பு வற்றும். புதிதாக ஆடுகிறவர் எதிரியிடமிருந்து ஓடி, திரும்பி நின்று மந்திரம் போட்டு, மூன்று தடவை பிசகியதும் "கேம் பழசு, சரியில்லை" என்று மூடி வைத்துவிடுகிறார். சித்தி மகனும் அப்படித்தான் மூடினான். கொஞ்சம் நின்று மூச்சு வாங்கச் சொன்னேன், அடுத்தது பலித்தது.

பறக்கும் மந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆப்லிவியனில் லெவிட்டேஷன் இல்லாததற்குச் சோம்பல்தான் காரணம் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கதைக்குள் அதற்கு ஒரு தடைச் சட்டம் சொல்கிறார்கள். செய்முறைக் காரணத்தை மதிலைப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம்: ஆப்லிவியன் நகரங்கள் மதிலுக்குள் தனி உலகமாக லோடு ஆகின்றன, மேலே பறந்து எட்டிப் பார்த்தால் உள்ளே ஊர் இருக்காது. மோரோவிண்டின் முதல் விரிவாக்கமான ட்ரிப்யூனலிலும் (2002) மோர்ன்ஹோல்ட் நகரம் அப்படித் தனியாக அமைந்தது. அங்கேயும் பறக்க முடியாது. இன்னொரு பக்கம், மோரோவிண்டின் டெல்வானி மந்திரவாதிகளின் காளான் கோபுரங்களைப் பாருங்கள்: படிக்கட்டு வைக்காமலே கட்டியிருக்கிறார்கள், பறந்து போனால்தான் மேல்தளம். மந்திரமும் ஊரின் அமைப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை மட்டும் பிடுங்கி எடுத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

ஸ்கைரிமில் எதிரியைத் தாக்கும் மந்திரப் பிரிவான டிஸ்ட்ரக்ஷன் பலவீனம் என்பது பழைய புகார். பாதி சரி. ஃபயர்போல்ட் என்ற நெருப்பு மந்திரத்தின் அடிப்படைச் சேதம் 25. ஸ்கில் 20 ஆனாலும் 100 ஆனாலும் அது 25தான், செலவு மட்டும் குறையும். பெர்க் (லெவல் ஏறும்போது எடுக்கும் கூடுதல் திறன்) வாங்கினால் நெருப்புக்கு 25 சதவீதம், பிறகு 50 சதவீதம் ஏறும், அத்தோடு சரி. எதிரியின் உயிரோ ஏறிக்கொண்டே போகும். ஆனால் பொருள்களில் மந்திரம் ஏற்றும் கலையான என்சான்டிங்கை விட்டுவிட்டு டிஸ்ட்ரக்ஷனைத் தனியாக எடை போடக்கூடாது. என்சான்டிங்கை 100 வரை வளர்த்து, பெர்க்குகளும் வாங்கி, தலை, உடல், மோதிரம், கழுத்தணி நான்கிலும் செலவைக் குறைக்கும் விளைவைத் தலா 25 சதவீதம் ஏற்றினால், அந்தப் பிரிவில் மேஜிக்கா செலவே இல்லை. அதே பார்வையில்தான் மந்திரப் பொருள்களையும் பார்க்க வேண்டும்: மோரோவிண்டில் மோதிரம் தன் சக்தியைத் தானே மீட்டுக்கொள்ளும். பின்னால் வந்த இரண்டிலும் ஆயுதத்துக்குச் சக்தி ஏற்ற நாம்தான் ஆன்மாக்கல் தேடி ஓட வேண்டும்.

ஸ்கைரிமில் குரலால் எழுப்பும் சக்திகளான ஷவுட்களை மந்திரக் கணக்கில் சேர்க்காதீர்கள்; அவற்றுக்கு மேஜிக்கா வேண்டாம், காத்திருப்பு நேரம்தான் விலை. ஒப்பிடும்போது, மோட் (ரசிகர்கள் செய்த மாற்றம்) போட்டு ஆடியதா, 2025இல் வந்த ஆப்லிவியன் ரீமாஸ்டரா, பழையதா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் இப்போது செய்வது ஒன்றுதான்: ஒரே வேலையை மூன்றிலும் செய்து பார்ப்பது. போன வாரம் எடுத்தது பூட்டிய கதவு. மோரோவிண்டில் பூட்டின் எண்ணுக்கு ஈடான பலத்தில் திறக்கும் மந்திரம் கோத்துக்கொண்டோம். ஆப்லிவியனிலும் மந்திரம் இருந்தது, பூட்டின் ஐந்து தரத்தில் நம்முடையது எதுவரை எட்டும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கைரிமில் சித்தி மகன் மந்திரப் பட்டியலை இரண்டு தடவை மேலும் கீழும் உருட்டித் தேடினான். அப்படி ஒரு மந்திரமே இல்லை. டவர் ஸ்டோன் என்ற வரம் தரும் கல்லைத் தொட்டிருந்தால் நாளுக்கு ஒரு பூட்டு திறக்கும், அதுவும் ஆகக் கடினமான தரத்துக்குச் செல்லாது. அவனுடைய மந்திரவாதி பையைத் துழாவிக் கம்பியை எடுத்தான்.